பூந்திக்கொட்டையில் துவைத்த தண்ணீரை மல்லிகைக்கு விடலாமா?

கிணற்றடிமல்லி (திண்டுக்கல்)

ஒரு வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் சலவைத்தூள் வாங்குவதில்லை. ஏன் நிறுத்தினேன் என்று சொல்கிறேன். மற்றவர்களும் நிறுத்தலாம் என்பது என் எண்ணம்.

பின்கட்டில் நான்கு குண்டுமல்லி, ஒரு முல்லைப்பந்தல், கிணற்றை ஒட்டி ஒரு பவளமல்லி. துவைக்கிற கல்லிலிருந்து ஓடும் தண்ணீர் நேராக மல்லிப் பாத்திக்குப் போகிற மாதிரி என் மாமனார் வாய்க்கால் வெட்டி வைத்திருந்தார். நாங்கள் சலவைத்தூளுக்கு மாறிய மூன்றாம் வருஷம் செடியெல்லாம் வெளுத்துவிட்டது. நரம்பு மட்டும் பச்சை, இலை மஞ்சள். பாத்தி மண் மேலே ஓடு மாதிரி இறுகி, ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் நின்றது. மார்ச்சில் மொட்டு வைக்க வேண்டிய செடி, மே வரைக்கும் கிண்ணம் பூக்கூடத் தரவில்லை.

அதிலிருந்து பூந்திக்கொட்டைதான். கொட்டை நீக்கிய தோல் 100 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் இருபது நிமிஷம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து துணியில் வடிகட்டுவேன். இரண்டு நாளைக்கு மேல் வைத்தால் புளித்து நாறும், அதனால் அவ்வப்போது செய்வதுதான். செடி மறுபடி கருகருவென்று துளிர்த்துவிட்டது.

வாசனைக்கும் பாட்டில் வேண்டாம். நிழலில் காயவைத்த மகிழம்பூவை மல் துணியில் முடிந்து அலமாரியில் போட்டால் மாதக்கணக்கில் மணக்கும். பட்டுப்புடவைப் பெட்டியில் வெட்டிவேர். இதைவிட என்ன வேண்டும்?

திருப்பூர்சாயம்

அக்கா, உங்கள் செடி பிழைத்தது சந்தோஷம். ஆனால் "எல்லோரும் தூளை நிறுத்தலாம்" என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. சாயப்பட்டறையில் தரம் பார்க்கும் வேலையில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன், துணியும் அழுக்கும்தான் என் பிழைப்பு.

பூந்திக்கொட்டைத் தோலில் இருக்கும் சப்போனின் நுரைக்கும், எண்ணெயைக் கொஞ்சம் பிரிக்கும். அதோடு சரி. சட்டைக் காலரில் படிகிற அழுக்கு வியர்வை, தோல் எண்ணெய், செத்த தோல், தூசி எல்லாம் சேர்ந்தது. அது கழன்று வரக் காரத்தன்மை வேண்டும், புரதத்தை அறுக்க என்சைம் வேண்டும். பூந்திக்கொட்டைச் சாறு லேசான புளிப்புப் பக்கம் நிற்கிற பொருள். என் மகனின் வெள்ளைச் சீருடையை ஒரு பருவம் முழுக்க இதில் துவைத்துப் பார்த்தோம். கடைசியில் அது வெள்ளை இல்லை, பழுப்பு. சாறே பழுப்பு நிறம்தானே.

அப்புறம், செடி தேறியதற்குப் பூந்திக்கொட்டைதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அந்த வருஷம் நல்ல மழை பெய்து மண்ணிலிருந்த உப்பு கழுவிப் போயிருக்கலாம். எரு போட்டிருக்கலாம். போர் தண்ணீரே உப்பாக இருந்திருக்கலாம். ஒரு மாற்றத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்பு எழுதக்கூடாது.

வெள்ளாவிமகன் (மதுரை)

சலவைத் தொழில் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. "அந்தக் காலத்தில் பூந்திக்கொட்டையில்தான் துவைத்தார்கள்" என்று அடிக்கடி படிக்கிறேன். ஊர்த் துணி எதுவும் பூந்திக்கொட்டையில் வெளுக்கவில்லை. என் தாத்தா உவர்மண்ணில் வெளுத்தார்.

கோடையில் தரையில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் உவர்மண்ணைச் சுரண்டி எடுத்து வந்து, தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, அதில் துணியை முக்குவார்கள். பிறகு அடுப்பில் பெரிய பானை. அதைச் சுற்றியும் மேலேயும் துணியை அடுக்கி, இரவு முழுக்க ஆவியில் வேகவிடுவது. அதுதான் வெள்ளாவி. விடிகாலையில் மூட்டையைக் கழுதை மேல் ஏற்றி வைகைக்குக் கொண்டு போய்க் கல்லில் அடித்து, மணலில் விரித்துக் காயப்போடுவார்கள். தாத்தாவின் உள்ளங்கை வெடிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், இன்று கடையில் சலவை சோடா என்று விற்கிறார்களே, அதே சரக்கு. மண்ணிலிருந்து வந்தது என்பதால் அது கையைப் பதம் பார்க்காமல் விடவில்லை.

பூந்திக்கொட்டை பெரிய வீட்டுப் பட்டுக்கும் கம்பளிக்கும்தான். அதற்கு அதைவிட நல்லது கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

திருப்பூர்சாயம்

வெள்ளாவிமகன் சொல்வது சரி. பட்டும் கம்பளியும் புரத இழை. காரம் அதை அரிக்கும், தூளில் இருக்கிற புரத என்சைம் அழுக்கோடு இழையையும் சேர்த்துத் தின்னும். பட்டுக்குப் பூந்திக்கொட்டை என்பதில் எனக்கும் மறுப்பில்லை. பருத்திக்குக் காரம் பிரச்சினையே இல்லை. துணிக்குத் தக்க சோப்பு என்று பேசினால் நான் உங்கள் பக்கம்.

வீட்டிலேயே சலவைத்தூள் கலப்பதும் புதிய விஷயம் இல்லை. 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டுக் கொல்லையில் கலந்து, சைக்கிளில் கொண்டு போய் விற்றதுதான் நிர்மா. அதன் முக்கியச் சரக்கும் சலவை சோடாதான்.

கிணற்றடிமல்லி

திருப்பூர்சாயம் தம்பி, நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது, பதில் சொல்கிறேன்.

எரு போட்டேன், உண்மை. நவம்பர் கடைசியில் கவாத்து பண்ணி, செடிக்கு ஒரு கூடை மட்கிய சாணி வைத்தேன். மழையும் பெய்தது. ஆனால் முன்வாசலில் இரண்டு குண்டுமல்லி இருக்கிறது. பின்கட்டுச் செடிகளோடு ஒரே நாளில் வைத்த பதியன்கள். அவற்றுக்குச் சலவைத் தண்ணீர் ஒரு நாளும் போனதில்லை, வாய்க்கால் அந்தப் பக்கம் கிடையாது. அதே போர் தண்ணீர், அதே மழை, அதே எரு. பின்கட்டுச் செடிகள் வெளுத்துக் கிடந்த காலம் முழுக்க முன்வாசல் செடிகள் பச்சையாகவே நின்று பூத்தன. வித்தியாசம் தூள் ஒன்றுதான்.

திருப்பூர்சாயம்

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டேன். முன்வாசல் செடி நல்ல சாட்சி. ஏற்றுக்கொள்கிறேன்.

நடந்தது இதுவாகத்தான் இருக்கும். தூளில் உள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிரித்து விடும். பிரிந்த துகள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ள, மேல்மண் ஓடு கட்டித் தண்ணீர் இறங்காது. தண்ணீரின் காரத்தன்மை மண்ணில் ஏறினால் இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் பூட்டிக்கொள்ளும். நரம்பு பச்சை, இலை மஞ்சள் என்றீர்களே, அது இரும்புப் பற்றாக்குறையின் அடையாளம். மல்லிகைக்கு இது சீக்கிரம் வரும். நிலக்கோட்டைப் பக்கம் பூ விவசாயிகளைக் கேளுங்கள், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்துத் தெளிக்கச் சொல்வார்கள். மண் இறுக்கத்துக்கு ஜிப்சம்.

ஆனால் இது தோட்டத்துக்கான வழக்கு, அக்கா. அழுக்கு போகிறதா என்ற வழக்கில் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

மாடிப்பூ (சென்னை)

இடையில் வருகிறேன், மன்னியுங்கள். நானும் பூந்திக்கொட்டைத் தண்ணீரைத்தான் மாடியில் தொட்டி முல்லைக்கு ஊற்றினேன். ஆறே வாரத்தில் செடி வாடிவிட்டது. எங்கள் குழுவில் ஒருவர் சொன்னதால் துவைக்கும்போது ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்த்தேன். பொங்கி நுரைத்தது, நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். எலுமிச்சைத் தோல் நொதியும் போட்டு வைத்திருக்கிறேன், ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். அதையும் ஊற்றலாமா?

திருப்பூர்சாயம்

அந்தச் சோடா வினிகர் கலவையை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒன்று காரம், ஒன்று அமிலம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, வாயு பறந்துபோக மிச்சம் நிற்பது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர். பொங்கியது அந்த வாயு, அழுக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சோடியம் மட்டும் உங்கள் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. தரையில் என்றால் மழை அதைக் கீழே இறக்கும். தொட்டியில் போக இடமில்லை, வாரா வாரம் சேரும். போராக்ஸ் கலந்த வீட்டுத்தூள் செய்முறை எதையாவது பார்த்தாலும் செடிப் பக்கம் கொண்டு போகாதீர்கள். அதிலுள்ள போரான் கொஞ்சம் கூடினாலே இலை நுனி கருகும்.

நொதி புளிப்பான திரவம். குழாயில் படிந்த உப்புக் கறைக்கு நல்லது, துணி அழுக்குக்கு அதை நம்ப வேண்டாம். பாட்டில் மூடியைத் தினம் ஒரு தடவை தளர்த்துங்கள். வாயு சேர்ந்து வெடித்தால் கண் போகும்.

இன்னொன்று. பூந்திக்கொட்டைத் தண்ணீர் எங்கே விட்டாலும் தீங்கில்லை என்று யாரும் நினைக்காதீர்கள். சப்போனின் மீனின் செவுளைத் தாக்கும். குளத்திலும் ஊருணியிலும் அதைக் கொட்டக்கூடாது. அல்லித்தொட்டியில் மீன் விட்டிருப்பவர்களும் கவனம்.

கிணற்றடிமல்லி

மீன் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. எங்கள் தண்ணீர் மண்ணில்தான் இறங்குகிறது. மண்ணில் அது மக்கிப் போகும் என்றுதான் இது நாள்வரை ஊற்றுகிறேன், செடியும் அப்படித்தான் சொல்கிறது.

அழுக்குக்கு வருகிறேன். காலர் அழுக்கு முழுசாகப் போவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஊறவைத்து, வெந்நீர் விட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கல்லில் அடித்தால் முக்கால்வாசி போகும். என் வீட்டுக்காரர் ஒர்க் ஷாப்பில் இருந்து கொண்டு வரும் கிரீஸ் கறைக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஆனால் தினம் உடுத்தும் சேலை, வேட்டி, போர்வை இதிலெல்லாம் என்ன கறை இருக்கிறது? வெறும் வியர்வை. அதற்கு எதற்கு அவ்வளவு தூள்?

வெள்ளாவிமகன்

இதை நான் வழிமொழிகிறேன். கடையில் மிஷின் போட்டிருக்கிறேன், வருகிற துணியில் பாதிக்கு மேல் ஒரு நாள் உடுத்தியதுதான். கரண்டி கரண்டியாகத் தூள் கொட்டினால் துணி வெளுக்காது, அலசாமல் மிச்சம் நிற்கும். டப்பாவில் போட்டிருக்கிற அளவில் பாதி போட்டுப் பாருங்கள், சாதாரணத் துணிக்குத் தாராளம். ஆனால் உப்புத் தண்ணீருக்குப் பார் சோப்பு மட்டும் வேண்டாம். சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து தயிர் மாதிரி திரிந்து துணியில் ஒட்டும். பூந்திக்கொட்டை அப்படித் திரியாது, அது அதன் பெரிய குணம்.

செண்பகவனம் (தென்காசி)

வாசனையைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அதில்தான் மாறுபாடு. மகிழம்பூ சரி, வாடினாலும் மணக்கிற பூ அது. மரிக்கொழுந்தும் அப்படித்தான். ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது மல்லிகையைத் துணிக்கு நடுவில் வைத்தால் வீணாகும். ஒரு தடவை என் அம்மாவின் வெந்தய நிறச் சுங்குடியில் பத்து மொட்டு வைத்துவிட்டு மறந்துபோனேன். மூன்றாம் நாள் பூ அழுகி, அந்த இடத்தில் பழுப்புக் கறை. இன்றுவரை போகவில்லை. பவளமல்லி இன்னும் மோசம். அதன் செங்காம்பு சாயக் காம்பு, அந்தக் காலத்தில் துணிக்குக் காவி ஏற்றியதே அதில்தான். ஈரத்துணி காய்கிற கொடி அந்த மரத்தடியில் இருந்தால் விடிகாலையில் உதிர்கிற பூ துணியில் பொட்டு வைத்துவிடும்.

மல்லிகையைக் கொதிக்கவைத்த தண்ணீரில் அலசச் சொல்லியும் படித்தேன். அது பூவுக்குச் செய்கிற கொடுமை. சூட்டில் மல்லிகை மணம் கெட்டுவிடும். வாசனைத் தைல ஆலைகளிலேயே மல்லிகையைப் பெரும்பாலும் நீராவியில் வடிப்பதில்லை, கரைப்பான் விட்டு எடுக்கிறார்கள்.

கிணற்றடிமல்லி

மல்லிகைக்கு ஒரு வழி இருக்கிறது. பறித்த பிறகும் மல்லிகை இரவு முழுக்க மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும். வடக்கே எள்ளையும் மல்லிகையையும் மாற்றி மாற்றி அடுக்கி, எள்ளில் மணம் ஏறியபின் ஆட்டி எண்ணெய் எடுப்பது இதை வைத்துத்தான். காலையில் பறித்த மொட்டைச் சாயங்காலம் ஒரு மண் அகலில் போட்டு, நன்றாகக் காய்ந்த துணி இருக்கும் டிரங்குப் பெட்டியில் துணி மேல் படாமல் வைத்து மூடுவேன். விடிந்ததும் எடுத்துவிட வேண்டும். அந்தச் சேலையை மறுநாள் உடுத்தினால் கோயிலுக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். மணம் ஒரு நாள்தான் நிற்கும், எனக்கு அது போதும்.

திருப்பூர்சாயம்

இது நல்ல வழி. ஒரு எச்சரிக்கை மட்டும். பூ மணம் என்றால் தோலுக்கு ஒன்றும் செய்யாது என்று கைக்குழந்தைத் துணியில் முயற்சி செய்யாதீர்கள். மல்லிகையிலும் லினலூல் என்ற மணப்பொருள் இருக்கிறது, காற்றுப்பட்டு மாறினால் சிலருக்கு அரிப்பு தரும். துணி அலசக் கடையில் வாங்கும் வாசனைத் திரவத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. துண்டில் போட்டால் இழை மேல் பூச்சு படிந்து தண்ணீரை உறிஞ்சாது. குழந்தைத் துணிக்கு வெயில் போதும்.

என் வீட்டில் செய்யப்போவதைச் சொல்கிறேன். சீருடையும் என் பட்டறைச் சட்டையும் தூளில், அளவைப் பாதியாக்கி. அந்தத் தண்ணீர் சாக்கடைக்கு. சேலை, போர்வை, பட்டு எல்லாம் பூந்திக்கொட்டையில். அந்தத் தண்ணீர் வாசலில் இருக்கிற ஜாதிமல்லிக்கு. மனைவி சனிக்கிழமை ஊறவைக்கலாம் என்கிறாள். நீங்கள் சொன்ன 100 கிராம், கொட்டையோடு எடை போடுவதா, நீக்கியா?

கிணற்றடிமல்லி

நீக்கித்தான், தம்பி. கொட்டை நுரைக்காது. வடிகட்டிய சக்கையை எறியாதீர்கள், பித்தளை விளக்கு தேய்க்கலாம். கண்ணில் மட்டும் தெறிக்க விடாதீர்கள், மிளகாய் மாதிரி எரியும்.