விமானத்தில் எந்தப் பணிப்பெண்ணுக்கு எந்தக் கதவு என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

கேள்வி: பேராவூரணிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகள் ஐந்து மாதங்களுக்கு முன்பு ஒரு விமான நிறுவனத்தில் கேபின் க்ரூவாகச் சேர்ந்து, சென்னையிலிருந்து பறந்துகொண்டிருக்கிறாள். தகப்பன் இல்லாத பிள்ளை என்பதால் படிப்பிலிருந்து வேலை வரை தாய்மாமனாகிய நானே முன்னின்று பார்த்தேன். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "இன்று ஆர்2 மாமா", "நாளை எல்2 மாமா" என்று சொல்கிறாள். இரண்டுமே விமானத்தின் பின்பகுதி என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முன்வாசலில் நின்று கைகூப்பி வரவேற்கும் இடம் அவளுக்கு இதுவரை ஒருநாளும் கிடைத்ததில்லை.

சென்ற மாதம் அவள் பணியில் இருந்த விமானத்திலேயே திருச்சியிலிருந்து சென்னைக்குச் சென்றேன். பெருமையாக இருக்கும் என்று நினைத்துத்தான் கடைசி வரிசையில் இடம் கேட்டு வாங்கினேன். முன்னால் ஒரு பெண் புன்னகையுடன் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருக்க, எங்கள் பெண் பின்னால் கழிப்பறைக் கதவைத் திறந்து பார்ப்பதும், பையைத் தூக்கி மேலே வைப்பதும், கடைசியில் காலிக் கோப்பைகளைக் குப்பைப் பையில் வாங்குவதுமாக இருந்தாள். விமானம் கிளம்பும் நேரத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தேன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, யாரையோ வெறிப்பதுபோல் உட்கார்ந்திருந்தாளே தவிர, பதிலுக்குச் சிரிக்கவில்லை. மனத்தாங்கலில் இருக்கிறாள் என்றே எனக்குப் பட்டது.

கல்லணைக் கால்வாயின் கடைமடையில் நிலம் வைத்திருப்பவன் நான். கடைசியில் இருப்பவனுக்கு என்ன வந்துசேரும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. இந்த இடங்களை யார் பிரித்துக் கொடுக்கிறார்கள், நிறமும் சிபாரிசும் பார்க்கிறார்களா, மேலதிகாரி யாரிடமாவது நான் பேசலாமா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்லவேண்டும்.

பதில் 1: கும்பகோணத்துப் பழைய சூப்பர்வைசர்

ஐயா, முதலில் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து யாரிடமும் பேசிவிடாதீர்கள். பதினான்கு ஆண்டுகள் இந்த வேலையில் இருந்து, அதில் ஏழு ஆண்டுகள் இடங்களைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பிலேயே இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். மாமா வந்து பேசினார் என்ற பெயர் அந்தப் பெண்ணை அடுத்த நிறுவனம் வரை துரத்தும்.

எல், ஆர் என்பவை இடம், வலம். விமானத்தின் மூக்கை நோக்கி நின்று பார்க்கும்போது எந்தக் கை என்பதே கணக்கு. எண் முன்னாலிருந்து பின்னால் போகும். அவள் "ஆர்2" என்று சொல்வது தனக்குக் கிடைத்த வரிசை எண்ணையோ தகுதியையோ அன்று. அந்தப் பயணத்தில் தன் பொறுப்பில் இருக்கும் கதவின் பெயரை. இந்த வேலையில் முதலில் கதவுதான் ஒதுக்கப்படுகிறது. உணவும் தண்ணீரும் புன்னகையும் அதன் பிறகு ஒட்டிக்கொண்டு வருபவை.

எத்தனை பேர் பறக்கவேண்டும் என்பதே இருக்கைகளை வைத்து விதியால் தீர்மானிக்கப்படுகிறது. தோராயமாக 50 இருக்கைக்கு ஒருவர். 78 இருக்கை கொண்ட ஏடிஆர் விமானத்திற்கு இருவர், 180 அல்லது 186 இருக்கை கொண்ட ஏ320-க்கு நால்வர், 222 அல்லது 232 இருக்கை கொண்ட ஏ321-க்கு ஐவர். பயணிகள் பாதிதான் ஏறியிருக்கிறார்கள் என்பதற்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது, ஏனென்றால் விதி எண்ணுவது இருக்கைகளை. ஏ320-இல் நால்வர் என்றால் பெரும்பாலும் இருவர் முன்னாலும் இருவர் பின்னாலும் அமர்வார்கள். இறக்கை மேலுள்ள அவசர வழிகளுக்கு அருகில் பணியாளர் இருக்கை கிடையாது. அங்கே உட்காரும் பயணிகளிடம்தான் எப்படித் திறப்பது என்பதை முன்கூட்டியே விளக்குகிறோம்.

இனி, பிரிப்பது யார் என்பதற்கு வருகிறேன். சில நிறுவனங்களில் மாத ரோஸ்டரிலேயே (பணி அட்டவணையிலேயே) கணினி இடத்தையும் அச்சிட்டுவிடுகிறது. வேறு சில இடங்களில் பறப்பதற்கு முன் நடக்கும் பிரீஃபிங் என்ற சிறு கூட்டத்தில் அந்தப் பயணத்தின் லீட், அதாவது கேபின் பணியாளர்களுக்குத் தலைமை ஏற்பவர், முடிவு செய்கிறார். எல்1 இடம் ஏறக்குறைய எங்குமே லீடுக்குத்தான், அவர் அழகாக இருக்கிறார் என்பதற்காக அன்று. விமானி அறையோடு பேசுவது, கேபின் தயார் என்று தெரிவிப்பது, பயணிகள் எண்ணிக்கைத் தாளைச் சரிபார்த்துக் கதவை மூடச் சம்மதிப்பது எல்லாம் அந்த இடத்தின் வேலைகள். நீங்கள் பார்த்த அந்தப் புன்னகை, அநேகமாக அன்று நால்வரின் பிழைகளுக்கும் பதில் சொல்லவேண்டியிருந்தவரின் புன்னகை. ஐந்து மாதப் பெண்ணுக்கு அந்த இடம் கிடைக்காதது இயல்பு. கிடைத்திருந்தால் அல்லவா சந்தேகப்படவேண்டும்?

பின்னால் இருப்பவர்களின் பகுதிதான் எண்ணிக்கையில் பெரியது. அங்குள்ள கேலியை (நம் ஊர்க் கேலி அன்று, விமானத்தின் அடுக்களைக்கு அப்படித்தான் பெயர்) பொறுப்பேற்பது, அடுப்பையும் ட்ராலிகளின் பூட்டையும் பார்ப்பது, கழிப்பறைகளைக் கண்காணிப்பது எல்லாம் அவர்களுடையவை. கழிப்பறையைத் திறந்து பார்த்தாள் என்று நீங்கள் வருந்தியது எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. யாராவது திருட்டுத்தனமாகப் புகைத்துவிட்டுக் காகிதம் போடும் தொட்டியில் சிகரெட் துண்டைப் போட்டிருந்தால், பறக்கும் விமானத்தில் தீ அங்கிருந்துதான் தொடங்கும்.

பிரீஃபிங்கில் இன்னொன்றும் உண்டு. அன்று உனக்கு ஒதுக்கிய கதவை எப்படித் திறப்பாய், அதன் அருகில் தீயணைப்பான் எங்கே, ஆக்சிஜன் உருளை எங்கே, ஒருவர் மயங்கி விழுந்தால் முதலில் என்ன செய்வாய் என்று ஒவ்வொருவரிடமும் லீட் கேள்வி கேட்பார். பதில் தெரியாமல் விழிப்பவரை இறக்கிவிட்டு, ஸ்டாண்ட்பையில் இருப்பவரை ஏற்றலாம். அப்படி ஒருமுறை நானே ஒரு பெண்ணை இறக்கியிருக்கிறேன். அவள் அழுதது இன்றும் நினைவிருக்கிறது, ஆனாலும் ஏற்றியிருக்கமாட்டேன்.

பதில் 2: மயிலாடுதுறை வாசகர்

அம்மா சொல்வது ஏட்டுக்குச் சரி. என் தங்கையும் இதே தொழிலில் இருந்தவள். லீடுக்கு வேண்டியவர்களுக்கு முன்பகுதியும் வேண்டாதவர்களுக்கு ட்ராலி தள்ளுவதும் விற்பனைக் கணக்கும் வருவதை அவள் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறாள். பிரிப்பது மனிதர் என்றால் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு இல்லாமல் எப்படி இருக்கும்? கதவு எல்லோருக்கும் சமம் என்றால், ஏன் ஒரே பெண்ணுக்கு ஐந்து மாதமும் பின்கதவு?

பதில் 3: திருச்சியில் விமானப் பராமரிப்பில் இருப்பவர்

மயிலாடுதுறை நண்பரின் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. அதை மறுக்க நான் வரவில்லை. கதவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அதுதான்.

பயணிகள் வழக்கமாக இடப்பக்கக் கதவுகளில் ஏறுகிறார்கள். உணவு வண்டி வந்து நிற்பது வலப்பக்கத்தில். ஆகவே ஆர்2-இல் இருக்கும் பெண், தரையில் இருக்கும் நேரத்தில், வெளியாட்கள் பொருள் ஏற்றி இறக்கும் ஒரு வாசலுக்குக் காவல். கதவு மூடியதும் "ஆர்ம், கிராஸ் செக்" என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்டிருப்பீர்கள். அப்போது கதவில் மடித்து வைத்திருக்கும் ஸ்லைடை (அவசரத்தில் பயணிகள் சறுக்கி இறங்கும் பாதையை), கதவைத் திறந்தால் தானாக ஊதி விரியும் நிலைக்கு மாற்றுகிறார்கள். ஏ320-இல் அதற்கு ஒரு சிறு நெம்புகோல் உண்டு. போயிங் 737-இல் குனிந்து, ஓர் உலோகத் தண்டைத் தரையிலுள்ள பிடிகளில் கையால் மாட்டவேண்டும். பின்பு எதிர்ப்பக்கக் கதவுக்காரர் வந்து அதைச் சரிபார்க்கிறார். வந்து சேர்ந்த பிறகு மாற்ற மறந்து உள்ளிருந்து திறந்துவிட்டால், ஸ்லைடு சில நொடிகளில் பாய்ந்து விரியும். கீழே ஆள் நின்றால் உயிருக்கே ஆபத்து, அந்த விமானமும் உடனே கிளம்ப முடியாது. இந்த வேலை முன்கதவுக்கும் பின்கதவுக்கும் ஒன்றேதான்.

ஒரு விமான வகைக்கு அனுமதி கொடுக்கும்போது, பாதி வழிகளை மட்டும் பயன்படுத்தி 90 நொடியில் எல்லோரும் வெளியேறமுடியும் என்று காட்டவேண்டும். எந்தப் பாதி என்பது விபத்து நேரும்வரை யாருக்கும் தெரியாது. 2024 ஜனவரி 2 அன்று திருச்சியில் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். நாங்கள் எல்லோரும் அந்தப் பரபரப்பில் இருந்தோம். அதே நாளில் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 ஒன்று ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். எட்டுக் கதவுகளில் மூன்றுதான் பயன்பட்டன: முன்னால் இரண்டும், பின்கோடியில் இடப்பக்கம் ஒன்றும். உள்தொடர்பு வேலை செய்யாத நிலையில், பின்கதவில் இருந்தவர்கள் விமானி அறையின் உத்தரவுக்குக் காத்திராமல், வெளியே தீ இல்லை என்று கண்ணால் பார்த்துத் தாங்களே திறந்தார்கள். ஐயா கடைமடை என்று சொன்ன இடம் அதுதான்.

திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களை யாரும் நீக்கிவிடவில்லை. தேரைப் பார்க்கப் போகிறவர்களின் கண் அவர்கள்மேல் விழுவதில்லை என்பது வேறு விஷயம்.

பதில் 4: மன்னார்குடியிலிருந்து வளைகுடாவுக்கு வந்தவன்

நான் இரண்டு நடைபாதை கொண்ட பெரிய விமானங்களில் பறக்கிறேன். ஊருக்கு ஊர் முறை மாறுகிறது என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். எங்கள் பக்கம் வகுப்புவாரியாகப் பயிற்சி உண்டு: எல்லோரும் எகானமியில் தொடங்கி, ஆண்டுகள் கழித்துப் பயிற்சி பெற்றுப் பிசினஸுக்கும் அதற்கு மேலும் போகிறார்கள், எல்லோருக்கும் மேலே பர்சர் இருக்கிறார். அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே பெரிய நிறுவனங்களில் பணிமூப்புதான் எல்லாம். எந்தப் பயணம், எந்த இடம் என்பதை மூத்தவர்கள் முதலில் எடுத்துக்கொள்ள, புதியவர்களுக்கு மிஞ்சியது வரும். வேடிக்கை என்னவென்றால், மூத்தவர்களிலேயே சிலர் பயணிகளின் அழைப்பு மணிக்கு அதிகம் ஓடவேண்டாம் என்று கேலி வேலையை விரும்பிக் கேட்டு வாங்குவார்கள் என்று அங்கே பறக்கும் தோழி ஒருத்தி சொல்வாள்.

மயிலாடுதுறை அண்ணன் சொன்ன வேண்டியவர், வேண்டாதவர் விவகாரம் உண்மைதான். ஆனால் அது பரிமாறும் வேலையில்தான் விளையாடுகிறது. இந்த வண்டியை நீ தள்ளு, அந்த வரிசையை நான் பார்க்கிறேன் என்று மாற்றிக்கொள்வோம். கதவை மட்டும் லீடுக்குத் தெரியாமல் மாற்றிக்கொள்ள முடியாது, அது தாளில் பதிவாகியிருக்கும்.

இன்னொரு செய்தி. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே ஒரு போயிங் 737 விழுந்து 47 பேர் இறந்தார்கள். பழுதானது இடப்பக்க எஞ்சின்; விமானிகள் நிறுத்தியது வலப்பக்க எஞ்சின். இடப்பக்கத்தில் தீப்பொறி பறந்ததைக் கேபினில் பின்பக்கம் இருந்த பலர் பார்த்திருந்தார்கள், ஆனால் அந்தச் செய்தி விமானி அறையை எட்டவே இல்லை. பின்னால் இருப்பவர் வாயைத் திறந்து சொல்லவேண்டும், முன்னால் இருப்பவர் காது கொடுக்கவேண்டும் என்பதைப் பயிற்சியில் எங்களுக்கு இதைச் சொல்லித்தான் பதியவைத்தார்கள். உங்கள் மருமகளின் லீட் எப்படிப்பட்டவர் என்பதை விசாரியுங்கள் மாமா. எந்தக் கதவு என்பதைவிட அதுவே அவளுடைய நாளைத் தீர்மானிக்கும்.

கேள்வி கேட்டவர்: பேராவூரணிக்காரர்

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு அவளிடம் இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். "நான் எப்போது மாமா குறைப்பட்டேன்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அடுத்த வாரம் முதல்முறையாக ஆர்1 வந்திருப்பதையும் சொன்னாள். புதியவர்களுக்கு முறை வைத்து எல்லா இடமும் சுற்றி வருமாம். நான்தான் அவசரப்பட்டிருக்கிறேன். ஆனால் அன்று அவள் சிரிக்காதது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கேட்டால் "அது வேலை" என்கிறாள். கும்பகோணத்து அம்மா அதற்கும் ஒரு விளக்கம் சொல்வார்களா?

பதில் 5: கும்பகோணத்துப் பழைய சூப்பர்வைசர்

ஐயா, அவள் சொன்னது முழு உண்மை. கிளம்பும்போதும் இறங்கும்போதும் நாங்கள் இருக்கையில் முதுகை ஒட்டி, வார்களை இறுக்கி, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரவேண்டும். திடீரென்று மோதினால் கை எங்கும் வீசியடிபடாமல் இருப்பதற்காக அப்படிப் பழக்குகிறார்கள். அந்த அரை நிமிடத்தில் மௌனமாக ஓர் ஒத்திகை ஓடும்: இப்போது ஏதாவது நேர்ந்தால் என் கதவு எது, திறக்குமுன் சன்னல் வழியாக எதைப் பார்க்கவேண்டும், கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும், என்ன சொல்லிக் கத்தவேண்டும், இந்தக் கதவு பயன்படாது என்றால் கூட்டத்தை எங்கே திருப்பவேண்டும், யார் நடக்க இயலாதவர், யார் கைக்குழந்தையோடு இருக்கிறார், அருகில் இருப்பவர்களில் உதவிக்கு அழைக்கத் தக்க உடல்வலு உள்ளவர் யார் என்று வரிசையாக மனத்தில் ஓட்டிப் பார்ப்போம். அந்த நேரத்தில் சொந்தத் தாய் எதிரே உட்கார்ந்திருந்தாலும் பார்வை அவர்மேல் படிந்து நிற்காது, நிற்கக்கூடாது.

நீங்கள் கடைசி வரிசையில், அவளுடைய கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். உதவிக்கு ஆகக்கூடியவர்களின் கணக்கில் உங்களையும் ஒரு பார்வை பார்த்திருப்பாள். உங்கள் முழங்கால் எப்படிப்பட்டது என்பது அவளுக்குத் தெரியும் என்பதால், சேர்த்துக்கொண்டாளா தள்ளிவிட்டாளா என்பதை நீங்கள் அவளிடம்தான் கேட்கவேண்டும்.