பக்கத்து வீட்டு காம்பவுண்ட் சுவர் எங்க பக்கம் சாயுது, என்ன பண்றது?

வணக்கம் மக்களே, மடிப்பாக்கத்துல சொந்த வீடு. பக்கத்து வீட்டு காம்பவுண்ட் சுவர் நாலரை இன்ச் செங்கல் சுவர், ஆறடி உயரம், நடுவுல தூணே கிடையாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில தண்ணி நின்னதுல அடி மண்ணு இறங்கி, சுவர் கொஞ்சம் கொஞ்சமா எங்க பக்கம் சாய ஆரம்பிச்சிடுச்சு. மேஸ்திரி தூக்குகுண்டு விட்டு பாத்தாரு, மேல நாலு இன்ச் வெளிய நிக்குது. விரிசல்ல விரலே போகுது, உள்ள அரசங்கன்னு வேற வேர் விட்டிருக்கு. எங்க மோட்டார் சுவிட்ச் சரியா அதுக்குக் கீழ தான், அம்மா தினமும் காலைல அங்க போய் நிக்கிறாங்க, எனக்கு அதான் பயம்.

ஓனர் வெளியூர்ல இருக்காரு, வாடகைக்கு இருக்கவங்க எங்களுக்கு சம்பந்தம் இல்லன்னுட்டாங்க. ஓனருக்கு போட்டோ, வீடியோ எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பியாச்சு, ப்ளூ டிக் வருது பதில் வரல, பாதி செலவு நான் தரேன்னு கூட சொல்லிட்டேன். அக்னாலெட்ஜ்மென்ட்டோட ரிஜிஸ்டர் தபாலும் போட்டேன், கையெழுத்து போட்டு வாங்கிருக்காரு, அவ்ளோதான். வார்டு ஆபீஸ்ல மனு குடுத்ததுக்கு நீங்களே பேசி தீத்துக்கோங்கன்னாங்க. ஆன்லைன்ல பட்டா, எஃப்எம்பி (நில அளவு வரைபடம்) எடுத்து வச்சு அளந்து பாத்ததுல சுவர் முழுசா அவர் இடத்துல தான் வருது.

ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிக்கணும். அவர் சம்மதம் இல்லாம சாயுற பகுதிய மட்டும் என் செலவுல இறக்கினா சட்டப்படி சிக்கல் வருமா, இல்ல முதல்ல வக்கீல் நோட்டீஸ் விடணுமா?