ஆஸ்கர் 2025: சிறந்த படம் கான்க்ளேவா, அனோராவா? என் கணிப்பில் எங்கே தவறுகிறேன்?

அழகாபுரம் ரசிகன், 24 பிப்ரவரி 2025

அனைவருக்கும் வணக்கம். வரும் மார்ச் 3, திங்கட்கிழமை, நம் நேரப்படி அதிகாலை ஐந்தரை மணிக்கு 97ஆவது ஆஸ்கர் விழா தொடங்குகிறது. விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே என் கணிப்புகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுவது பல ஆண்டுப் பழக்கம். இந்த முறை இன்று காலை அமெரிக்க நடிகர் சங்க விருதுகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் வரியையே நிரப்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

என் குழப்பம் இதுதான். பிப்ரவரி 8 அன்று அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கமும் இயக்குநர் சங்கமும் ஒரே இரவில் 'அனோரா'வைத் தேர்ந்தெடுத்தன. ஒரு வாரம் கழித்து எழுத்தாளர் சங்கமும் அதன் திரைக்கதைக்கே விருது கொடுத்தது. அதற்கு மறுநாள் லண்டனில் பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டா 'கான்க்ளேவ்' படத்துக்குப் போனது. இன்று நடிகர் சங்கமும் கான்க்ளேவின் நடிகர் குழுவுக்கே முதலிடம் தந்திருக்கிறது. தயாரிப்பாளர், இயக்குநர் என இரண்டு சங்கங்களும் கைகொடுத்த பிறகும் 2017இல் 'லா லா லேண்ட்' தோற்றது. 2020இல் '1917' தோற்றது. '1917'ஐ வீழ்த்திய 'பாரசைட்' அந்த ஆண்டு நடிகர் சங்க விருதைப் பெற்ற படம் என்பதால் எனக்குக் கான்க்ளேவ் பக்கமே மனம் சாய்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. சிறந்த படத்துக்கு மட்டும் உறுப்பினர்கள் பத்துப் படங்களையும் வரிசைப்படுத்தி வாக்களிக்கிறார்கள். அப்படிப்பட்ட வாக்கெடுப்பில் யாரும் வெறுக்காத படமே கரையேறும் என்பார்கள். போப்பாண்டவர் தேர்தலைத் துப்பறியும் கதைபோல விறுவிறுப்பாகச் சொல்லும் கான்க்ளேவை யார் கடைசி இடத்தில் வைப்பார்கள்? நியூயார்க்கில் பாலியல் தொழில் செய்யும் ஓர் இளம்பெண்ணின் கதையான அனோராவை முகம் சுளித்துக் கீழே தள்ளுகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள்.

பென்சிலால் எழுதி வைத்திருக்கும் பட்டியல் இது. படம் கான்க்ளேவ். இயக்குநர் 'தி புரூட்டலிஸ்ட்' எடுத்த பிரேடி கார்பெட். நடிகர் அதே படத்தின் ஏட்ரியன் பிராடி, நடிகை 'தி சப்ஸ்டன்ஸ்' படத்தின் டெமி மூர். துணைப் பாத்திரங்களில் கீரன் கல்கினும் ஸோயி சல்டானாவும். நேரடித் திரைக்கதை அனோரா, தழுவல் திரைக்கதை கான்க்ளேவ், படத்தொகுப்பும் கான்க்ளேவ். கலை இயக்கம் தி புரூட்டலிஸ்ட். அனிமேஷன் 'தி வைல்ட் ரோபாட்'. அயல்மொழிப் படம் பிரேசிலின் 'ஐயாம் ஸ்டில் ஹியர்'. 13 பரிந்துரைகளோடு முன்னணியில் இருந்த 'எமிலியா பெரேஸ்', கதாநாயகியின் பழைய சமூக ஊடகப் பதிவுகள் வெளிவந்த பிறகு சரிந்துவிட்டது என்பதால் இந்தக் கடைசி வரியில் எனக்கு ஐயமில்லை.

பன்னிரண்டு வரிகளில் எவை தவறு என்று காரணத்தோடு சொன்னால் மகிழ்வேன். "எனக்கு இந்தப் படம் பிடிக்கும்" என்பது வேறு, "இந்தப் படம் வெல்லும்" என்பது வேறு. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

சேர்வராயன் மலைவாசி, 25 பிப்ரவரி 2025

நண்பருக்கு வணக்கம். ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். வரிசை வாக்கு முறையை நீங்கள் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அதிலிருந்து எடுத்த முடிவோடுதான் எனக்கு உடன்பாடு இல்லை.

போன மே மாதம் எங்கள் தோட்டத்து வீட்டுத் திண்ணையில் பதின்மூன்று பேர் கூடியிருந்தபோது, இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்காகச் சேலத்திலிருந்து வாங்கி வந்த நான்கு வகை மாம்பழங்களை அறுத்து வைத்து, ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் ஒன்று முதல் நான்கு வரை வரிசைப்படுத்தி எழுதச் சொன்னேன். முதல் இடத்துக்கான வாக்குகள் மல்கோவாவுக்கு ஐந்து, இமாம் பசந்துக்கு நான்கு, செந்தூராவுக்கு மூன்று, பங்கனப்பள்ளிக்கு ஒன்று. யாருக்கும் ஏழு கிடைக்கவில்லை. பங்கனப்பள்ளியை விலக்கினோம், அந்த ஒரே சீட்டில் இரண்டாவதாக இருந்தது இமாம் பசந்த். இப்போது ஐந்துக்கு ஐந்து. அடுத்துச் செந்தூராவை விலக்கியபோது அதன் மூன்று சீட்டுகளில் இரண்டு இமாம் பசந்துக்கும் ஒன்று மல்கோவாவுக்கும் போயின. ஏழுக்கு ஆறு என்று இமாம் பசந்த் வென்றது. முதல் எண்ணிக்கையில் முந்திய மல்கோவா தோற்றதை எங்கள் பெரியப்பா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. சீட்டுகளை வாங்கி அவரே இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

ஆஸ்கரில் 2010ஆம் ஆண்டு விழா முதல் நடப்பது இதே கணக்குதான். ஆனால் நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. தயாரிப்பாளர் சங்கமும் சிறந்த படத்தை இதே வரிசை முறையில்தான் எண்ணுகிறது. பாஃப்டாவோ நடிகர் சங்கமோ அப்படி எண்ணுவதில்லை. அனோராவைப் பலர் கீழே தள்ளுவார்கள், கான்க்ளேவ் எல்லோருக்கும் இரண்டாவதாக இருக்கும் என்ற உங்கள் ஊகம் சரியாக இருந்திருந்தால் அது தயாரிப்பாளர் சங்கத்திலேயே தெரிந்திருக்கும். அங்கே இரண்டு படங்களும் போட்டியில் இருந்தன, அனோராதான் வென்றது. மாம்பழச் சோதனையை அந்தப் படம் ஒருமுறை கடந்துவிட்டது.

நீங்கள் காட்டிய இரண்டு தோல்விகளையும் பாருங்கள். 'லா லா லேண்ட்' எழுத்தாளர் சங்க விருதை 'மூன்லைட்' படத்திடம் இழந்தது. '1917' அதைப் பாரசைட்டிடம் இழந்தது. அனோராவிடம் மூன்று சங்கங்களும் இருக்கின்றன. மூன்றையும் பெற்றுத் தோற்ற படமாக எனக்கு நினைவில் வருவது 2006இல் 'புரோக்பேக் மவுண்டன்' மட்டுமே. அது வரிசை முறை வருவதற்கு முந்தைய காலம். மேலும் கான்க்ளேவ் இயக்குநர் எட்வர்ட் பெர்கர் பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை. 'ஆர்கோ', 'கிரீன் புக்', 'கோடா' ஆகிய படங்கள் அப்படி இருந்தும் வென்றன என்பது உண்மைதான். ஆனால் அந்த மூன்றும் முதலில் தயாரிப்பாளர் சங்கத்தை வென்றவை.

தேதிகளையும் கவனியுங்கள். ஆஸ்கர் வாக்குப்பதிவு பிப்ரவரி 18 அன்றே முடிந்துவிட்டது. நேற்று வந்த நடிகர் சங்க முடிவைப் பார்த்து மனம் மாறி வாக்களித்தவர் என்று ஒருவர்கூட இருக்க முடியாது. ஆகவே படம் அனோரா, இயக்குநர் ஷான் பேக்கர் என்று பேனாவாலேயே எழுதலாம்.

அம்மாபேட்டை ஆசிரியை, 25 பிப்ரவரி 2025

தம்பி, படத்தைப் பற்றி மலைவாசி ஐயா எழுதியதை ஏற்கிறேன். நான் இரண்டு வரிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாவது கலை இயக்கம். என் தந்தை ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தில் செட் போடும் தச்சராக வேலை பார்த்தவர். இன்று அதன் நுழைவாயில் வளைவு மட்டும்தான் நிற்கிறது. ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் கதை எப்படி என்று அவர் கேட்டதில்லை. மாடிப்படியில் நடிகர் ஏறும்போது படி ஆடியதா என்றுதான் கேட்பார். அந்தப் பழக்கத்தால் நானும் இந்தப் பிரிவை விடாமல் கவனிக்கிறேன். தி புரூட்டலிஸ்ட் ஒரு கட்டடக் கலைஞரின் கதை என்பதாலும், ஒரு கோடி டாலருக்கும் குறைவான செலவில் அந்தப் பிரம்மாண்டத்தைக் காட்டியிருப்பதாலும் நீங்கள் அதை எழுதியிருப்பீர்கள். வாக்களிப்பவர்களின் கண் அப்படிப் போவதில்லை. இறுதிச் சுற்றில் எல்லாப் பிரிவுகளுக்கும் எல்லா உறுப்பினர்களும் வாக்களிக்கிறார்கள். ஏறத்தாழ பத்தாயிரம் பேரில் செட் வேலை அறிந்தவர்கள் சிறுபான்மையினர். மற்றவர்களுக்குக் கண்ணுக்கு முன் கட்டி எழுப்பியது தெரிய வேண்டும். 'விக்கெட்' படத்துக்காக ஊரையே கட்டியதோடு, கணினியில் வரைந்து நிரப்பாமல் இங்கிலாந்தில் 90 லட்சம் டூலிப் செடிகளை உண்மையாகவே நட்டார்கள். கலை இயக்கமும் ஆடை வடிவமைப்பும் விக்கெட்டுக்கே போகும்.

இரண்டாவது, நடிகை. டெமி மூரை மாற்றாதீர்கள். கோல்டன் குளோப், விமர்சகர் தேர்வு, நடிகர் சங்கம் மூன்றும் அவருக்கே வந்திருக்கின்றன. இப்போது 62 வயதாகும் அவர், வயதானதற்காகவே வேலையிலிருந்து தூக்கி எறியப்படும் நடிகையின் வேடத்தில் நடித்திருக்கிறார். வெளியே கிளம்புவதற்கு முன் கண்ணாடி முன் நின்று பூசிய சாயத்தை அழித்து, மீண்டும் பூசி, மீண்டும் உள்ளங்கையால் தேய்த்து அழித்து, கடைசியில் போகாமலேயே இருந்துவிடும் காட்சி ஒன்று உண்டு. அதை எந்தப் பெண்ணும் மறக்க மாட்டாள்.

சூரமங்கலம் வரைகலைஞன், 26 பிப்ரவரி 2025

அண்ணா, அனிமேஷன் வரியை உடனே மாற்றுங்கள். நான் சேலத்திலேயே முப்பரிமாண வரைகலை செய்து பிழைப்பவன். பிளெண்டர் மென்பொருளில்தான் தினமும் வேலை. லாட்வியா நாட்டின் 'ஃப்ளோ' முழுவதும் அதே இலவச மென்பொருளில் எடுக்கப்பட்டது. அதுவும் இறுதி உருவாக்கத்துக்கு, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய முறையை விட்டுவிட்டு, ஈவீ என்ற விரைவான முறையையே இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பாலோடிஸ் பயன்படுத்தினார். அந்த முறையில் தண்ணீரை நம்பும்படி காட்டுவது எவ்வளவு கடினம் என்று அதில் கைவைத்தவர்களுக்குத் தெரியும். படம் முழுவதும் வெள்ளம்! நனைந்த பூனையின் முடியில் சிறு குறைகள் தெரிகின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பூனை படகின் விளிம்பில் தயங்கி நிற்கும் நிற்பில் ஒரு பொய்யும் இல்லை.

அனிமேஷன் துறையினரின் ஆனி விருதுகளில் தி வைல்ட் ரோபாட் அள்ளிக்கொண்டு போனது உண்மை. அது துறைக்குள் இருப்பவர்களின் வாக்கு. டீச்சர் சொன்னதுபோல ஆஸ்கரில் வாக்களிப்பது எல்லோரும். அந்த எல்லோரிலும் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் இப்போது கணிசமானவர்கள். ஃப்ளோ அயல்மொழிப் பிரிவிலும் பரிந்துரை பெற்றிருப்பதால் அனிமேஷன் பார்க்காதவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். அதில் வசனமே இல்லை. யாருக்கும் எழுத்துகளைப் படிக்க வேண்டிய தடையில்லை.

டெமி மூர் விஷயத்தில் டீச்சரோடு மாறுபடுகிறேன். பாஃப்டா அனோராவின் கதாநாயகி மைக்கி மேடிசனுக்குக் கொடுத்தது. படத்தையே முதல் இடத்தில் வைக்கும் வாக்காளர், அந்தப் படத்தில் ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் இருக்கும் பெண்ணை விட்டுவிட்டு வேறு எங்கே போவார்?

அம்மாபேட்டை ஆசிரியை, 26 பிப்ரவரி 2025

அவருக்கு 25 வயதுதான். காத்திருக்கலாம்.

சேர்வராயன் மலைவாசி, 26 பிப்ரவரி 2025

அம்மா, நடிகைகளை அகாதமி காக்க வைப்பதில்லை. மார்லி மாட்லின் 21 வயதிலும் ஜெனிஃபர் லாரன்ஸ் 22 வயதிலும் பெற்றார்கள். காத்திருப்பு நடிகர்களுக்குத்தான். அந்தக் காரணத்தாலேயே, நடிகர் சங்கம் இளம் நடிகர் டிமத்தி ஷாலமேவைத் தேர்ந்தெடுத்த பிறகும் பிராடியை மாற்ற வேண்டாம் என்கிறேன். 30 வயதுக்குள் சிறந்த நடிகர் விருதைப் பெற்ற ஒரே ஆள், 2003இல் 29 வயதில் வென்ற இதே பிராடிதான்.

அழகாபுரம் ரசிகன், 1 மார்ச் 2025

அனைவருக்கும் நன்றி. தயாரிப்பாளர் சங்கத்தின் எண்ணும் முறை என் கண்ணிலிருந்து முழுவதுமாகத் தப்பியிருந்தது. அதைப் படித்த இரவே முதல் இரண்டு வரிகளையும் மாற்றினேன். இப்போது பேனாவால் எழுதிவிட்டேன்: படம் அனோரா, இயக்குநர் ஷான் பேக்கர், கலை இயக்கம் விக்கெட், அனிமேஷன் ஃப்ளோ. நடிகை வரியில் டெமி மூரையும் படத்தொகுப்பில் கான்க்ளேவையும் அப்படியே வைத்திருக்கிறேன். கான்க்ளேவ் படத்தொகுப்புக்குப் பாஃப்டா கொடுத்திருக்கிறது. வாக்குச் சீட்டுகள் எரிந்து புகையாகும் காட்சிகள் வரை அதன் தாளம் எங்கும் தளரவில்லை. மற்ற ஆறு வரிகளிலும் மாற்றம் இல்லை.

அழகாபுரம் ரசிகன், 3 மார்ச் 2025

விழா முடிந்து ஒரு மணி நேரம் ஆகிறது. பன்னிரண்டில் பத்து சரி. பென்சில் பட்டியலை அப்படியே விட்டிருந்தால் ஆறுதான் தேறியிருக்கும். மாறிய நான்கும் உங்களால் மாறியவை.

தவறிய இரண்டும் நான் பிடிவாதமாக வைத்திருந்த இரண்டு. படத்தொகுப்பு அனோராவுக்குப் போனபோதே மனத்துக்குள் ஏதோ உடைந்தது. அந்தப் படத்தைத் தொகுத்தவரும் ஷான் பேக்கர்தான். திரைக்கதை, படத்தொகுப்பு, இயக்கம், படம் என்று ஒரே படத்துக்காக ஒரே இரவில் நான்கு ஆஸ்கர்களை அவர் பெற்றார். வால்ட் டிஸ்னியும் ஒரே இரவில் நான்கு பெற்றதுண்டு, ஆனால் அவை வெவ்வேறு படங்களுக்கு. தொகுப்பு போன பக்கம் எல்லாமே போகும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நடிகைக்கான உறையைப் பிரிக்கும்போது வீட்டில் யாரையும் பேச விடவில்லை. மைக்கி மேடிசன் என்றார்கள்.

அம்மாபேட்டை ஆசிரியை, 3 மார்ச் 2025

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டே பார்த்தேன் தம்பி. பாதியில் பேருந்து பிடிக்க வேண்டியதாகிவிட்டது. நடிகை அறிவிப்பைப் பேருந்தில் நின்றுகொண்டு தொலைபேசியில்தான் பார்த்தேன். உங்கள் வரி தவறியது என் பேச்சால் என்பதில் எனக்கு வருத்தம். நான் கணித்தது வெற்றியை அல்ல. டெமி மூர் வெல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டதைத்தான் கணிப்பு என்று எழுதியிருக்கிறேன். அந்த ஆசை இப்போதும் மாறவில்லை.

ஆனால் அனோராவின் கடைசிக் காட்சியை இன்று இரவு மறுபடியும் பார்க்கப் போகிறேன். பனி கொட்டும் காரும், கண்ணாடித் துடைப்பானின் ஓசையும் தவிர வேறு எதுவும் இல்லாத அந்தச் சில நிமிடங்களில் அந்தப் பெண் என்ன செய்திருக்கிறாள் என்று, போட்டியெல்லாம் முடிந்த பிறகு, ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.