ஐஐஎம் இன்டர்வியூவுக்கு இன்னும் 15 நாள், எங்க நேரத்தைப் போடறது?

ஊத்தங்கரை_மெக்
வணக்கம். மெக்கானிக்கல் முடிச்சு ஓசூர் சிப்காட்ல ஒரு உதிரிபாகக் கம்பெனியில ரெண்டு வருஷமா குவாலிட்டி பிரிவுல இருக்கேன். கேட் (CAT, எம்பிஏ நுழைவுத் தேர்வு) ஸ்கோர்ல ஐஐஎம் இன்டர்வியூ வந்திருக்கு, பெங்களூர்ல. பேப்பர் தினமும் படிக்கிறேன். வேற எதைத் தயார் பண்ணணும்? விண்ணப்பத்துல ஓபிசின்னு போட்டிருக்கேன்; கையில எம்பிசி சர்டிபிகேட் தான் இருக்கு, போதுமா?

தாலுகா_வாசல்
போதாது தம்பி, முதல்ல இதை முடிங்க. மாநில எம்பிசி சான்றிதழை மத்திய நிறுவனத்துல எடுத்துக்க மாட்டாங்க. மத்திய அரசுப் படிவத்துல, கிரீமி லேயர்ல (ஓபிசியில வசதியான பிரிவுல) வரலைன்னு ஓபிசி சான்றிதழ் வேணும். இ-சேவை மையத்துல பதிஞ்சா விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பார்த்து தாசில்தாருக்குப் போகும், அதுலயே நாள் ஓடிடும். சாதிப் பெயர் மத்தியப் பட்டியல்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு வாங்குறப்பவே பாருங்க. எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கினது வேணும்னு அழைப்புக் கடிதத்துல இருக்கும்.

கிரீமி லேயருக்கான வருஷம் 8 லட்சம் வரம்பு உங்க வருமானத்துக்கு இல்ல, பெற்றோருக்கு. அதுலயும் சம்பளம், விவசாய வருமானம் ரெண்டையும் சேர்க்க மாட்டாங்க. வீட்டுல மாந்தோப்பு இருந்தா அதுவும் விவசாய நிலமாத்தான் கணக்கு, அதனால பயந்து விட்டுடாதீங்க.

லைன்_இன்ஸ்பெக்டர்
ரெண்டு வருஷ அனுபவம் இருக்கிறவரை வேலையில தான் தோண்டுவாங்க. "ரிஜெக்‌ஷனைக் குறைச்சேன்"னு சொன்னா அடுத்த கேள்வி, எவ்வளவு, எத்தனை ரூபாய். கணக்கைப் போட்டே போங்க. ஷிப்டுக்கு 400 பீஸ்ல 12 போச்சுன்னா 3 சதவீதம். பீஸ் 180 ரூபாய்னா 2,160. ரெண்டு ஷிப்ட், 25 நாள்னா மாசம் 1,08,000. ஸ்கிராப் வித்து எவ்வளவு திரும்பி வருது, ரீவொர்க் எத்தனை, இதைக் கழிச்சீங்களான்னும் கேட்பாங்க. கழிக்காம சொன்ன தொகை அங்கேயே உடையும்.

பாடத்துல ரெண்டே ரெண்டை ஆழமா எடுங்க. குவாலிட்டிக்காரர்கிட்ட சிபி, சிபிகே (Cp, Cpk, தயாரிப்பு அளவுக்குள்ள நிக்குதான்னு காட்டுற எண்கள்) வித்தியாசம் கேட்காம விட மாட்டாங்க: சிபி பரவலை மட்டும் பார்க்கும், சிபிகே அளவு நடுவுல இருந்து விலகினதையும் பார்க்கும். தெரியாததைத் தெரியலைன்னு உடனே சொல்லிடுங்க. சமாளிச்சா அதையே பிடிச்சு இன்னும் மூணு கேள்வி வரும்.

மாந்தோப்பு
உங்க கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் பத்திக் கேட்டா "மாம்பழத்துக்குப் பேர் போனது"ன்னு நிறுத்திடாதீங்க. பிசினஸ் ஸ்கூல்ல வேணும்கிறது காரணம். பெங்களூராங்கிற மாம்பழ ரகம் பெரும்பாலும் கூழ் ஃபேக்டரிக்குத்தான் போகும். காய் எல்லாம் சில வாரத்துக்குள்ள ஒண்ணா வந்து குவியும், பறிச்சதை வச்சிருக்க முடியாது, போன வருஷக் கூழ் டிரம்முல தேங்கியிருந்தா ஃபேக்டரி குறைச்சுத்தான் எடுக்கும். அதனால விளைச்சல் நல்லா இருக்கிற வருஷமே விலை விழும். "நீங்க கலெக்டரா இருந்தா என்ன செய்வீங்க?"ன்னு அடுத்து வரலாம், ஒரு யோசனையை அதோட செலவு சேர்த்தே வச்சுக்கோங்க.

இன்னும் மூணு: தருமபுரியில இருந்து கிருஷ்ணகிரி பிரிஞ்சது 2004. ஓசூர் டைட்டன், டாடாவும் தமிழக அரசோட டிட்கோவும் சேர்ந்து தொடங்கினது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகம்கிறதால.

ஊத்தங்கரை_மெக்
ரொம்ப நன்றி. பத்தாவது வரை தமிழ் மீடியம், இங்கிலீஷ்ல திணறுதே?

லைன்_இன்ஸ்பெக்டர்
மனப்பாடம் பண்ணாதீங்க, நடுவுல குறுக்கே கேட்டா அறுந்துடும். சுய அறிமுகம் 90 விநாடிக்குள்ள. ஒவ்வொரு பதிலுக்கும் மூணு குறிச்சொல் மட்டும் எழுதி, போன்ல பதிவு பண்ணிக் கேளுங்க. சின்ன வாக்கியமா பேசினா திணறல் பாதி போயிடும். அப்புறம், முந்தின நாளே பெங்களூர் போயிடுங்க. காலையில அத்திப்பள்ளி தாண்டி சில்க் போர்டு நெரிசலை நம்ப முடியாது.