மெஷினுக்கு வைத்த பொட்டு: நீங்கள் பார்த்ததையும் செய்ததையும் சொல்லுங்கள்

ஆய்வு மாணவி, கோவை

அப்பா கணபதியில் மூன்று லேத் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்தவர். பெரும்பாலும் பம்ப் ஷாஃப்ட்தான் வரும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதியத்தோடு மோட்டார்கள் நின்றுவிடும். அதற்குப் பிறகு ராத்திரி வரைக்கும் மண்ணெண்ணெயும் பனியன் வேஸ்ட்டும்தான். பெட்டுக்கு அடியில் மாதக்கணக்கில் சேர்ந்த இரும்புச் சுருளை வழித்தெடுப்பார்கள். கூலண்ட் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவுவார்கள். லீட் ஸ்க்ரூவின் ஒவ்வொரு புரியிலும் பிரஷ் விட்டு அழுக்கெடுப்பார்கள். எனக்குப் பத்து வயது இருக்கும். வெட்டும் உளியை உள்ளும் வெளியும் நகர்த்துகிற கிராஸ் ஸ்லைடைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா கைப்பிடியை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "நட்டு தேஞ்சுருக்கு, பிளே வந்துருச்சு" என்றார். ஒரு மாதமாக ஷாஃப்ட்டின் விட்டம் ஏன் சொன்ன அளவில் நிற்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. மறுநாள் சந்தனம், குங்குமம், மாவிலை, பொரி கடலை எல்லாம் வைத்துக் கும்பிட்டோம். மைக்ரோமீட்டரையும் வெர்னியரையும் என் பள்ளிக்கூடப் புத்தகங்களோடு ஒரே பலகையில் அடுக்கினோம். அன்றைக்கு எதையும் தொடக்கூடாது. விஜயதசமி காலையில் அப்பா செய்த முதல் வேலை அந்த நட்டை மாற்றியது.

இப்போது நான் படிப்பது, அறிவியலும் தொழில்நுட்பமும் மனிதர்கள் நடுவே எப்படி நடக்கின்றன என்று பார்க்கும் துறை. 2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்புவதற்கு முந்தின நாள் விஞ்ஞானிகள் அதன் சிறு மாதிரியைத் திருமலைக்குக் கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டார்கள். அதைத் தொடர்ந்து நடந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். விஞ்ஞானி சாமி கும்பிடலாமா கூடாதா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே எல்லோரும் வாதாடினார்கள். எனக்கு அந்தக் கேள்வி போதவில்லை. ஒரு இயந்திரத்தின் முன்னால் நடக்கும் சடங்கு அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது? எதை நிறுத்துகிறது? யார் கையை எதன்மேல் கொண்டுபோய் வைக்கிறது? யாரைத் தள்ளி நிற்கச் சொல்கிறது?

எங்கள் துறையில் புரூனோ லதூர் என்ற பிரெஞ்சுக்காரரைப் படிக்காமல் தப்ப முடியாது. 1975 முதல் ஏறக்குறைய இரண்டு வருடம் கலிபோர்னியாவில் உள்ள சால்க் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் போய் உட்கார்ந்தார். முன்பின் தெரியாத ஊருக்குப் போன மானிடவியலாளர் எப்படி ஒவ்வொரு சடங்கையும் பார்த்துக் குறித்துக்கொள்வாரோ, அப்படி விஞ்ஞானிகளின் அன்றாடத்தைக் குறித்தார். நான் அதைத் திருப்பிப் போட்டேன். பரிசோதனையைப் பார்ப்பதுபோல் பூஜையைப் பார்க்கிறேன். மூன்று வருடமாக என் களப்பணி ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான். பட்டறைக்காரர்களிடம் பேட்டி கேட்பதில்லை. நானும் வேஸ்ட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்து துடைக்கிறேன். கேள்வி கேட்டால் சொல்லாததைத் துடைக்கும்போது சொல்கிறார்கள். எந்த மெஷின் யார் கையில் விரலை எடுத்தது, எது எந்தக் கடனில் வந்தது, எதற்கு மழைக்காலத்தில் மட்டும் அடம் பிடிக்கும் குணம் உண்டு, எல்லாம் வரும்.

உங்கள் கைக்கும் கண்ணுக்கும் பட்டதைச் சொல்லுங்கள். நம்பிக்கை இருப்பவர், இல்லாதவர் இருவரும்.

விசைப்படகுக்காரர், நாகப்பட்டினம்

தங்கச்சி, நீ சொன்ன அந்த முந்தின நாள் எங்களுக்கு அறுபத்தொரு நாள். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். போட்டைக் கரையேத்திப் போட்டு பலகை பார்ப்போம், பெயிண்ட் அடிப்போம், எஞ்சினைக் கழட்டிப் பூட்டுவோம், வலை பொத்துவோம். தடை முடியிற அன்னைக்கு போட்டோட முன்பக்கம் அணியத்துல மாலை போட்டு, தேங்கா உடைச்சு, சூடம் காட்டித்தான் இறக்குவோம்.

ஜி.பி.எஸ். இருக்கு, எக்கோ சவுண்டர் இருக்கு, வாக்கி டாக்கி இருக்கு. எங்கப்பா நட்சத்திரத்தையும் நீவாட்டையும், அதான் கடல் நீரோட்டத்தையும் பாத்துப் போனாரு. நான் திரையைப் பாத்துப் போறேன். பாதை தவறுற பயம் இப்ப இல்லை. ஆனா மீன் பாடு கிடைக்குமா, காத்து திடுக்குன்னு திரும்புமா, அதை எந்தத் திரையும் முழுசாச் சொல்றதில்லை. ஜி.பி.எஸ். பெட்டிக்கும் பொட்டு வச்சிருக்கோம். அதுமேல நம்பிக்கை இல்லாம வைக்கலை. எங்களோட கடலுக்கு வருது, அதுக்கும் வைக்கணும்னு தோணிச்சு.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். சூடம் காட்டியாச்சுன்னு எவனும் டீசல் அளவு பாக்காமப் போகமாட்டான்.

ஆய்வு மாணவி, கோவை

அண்ணே, உங்கள் கடைசி வரி எங்கள் துறையின் பழைய சர்ச்சை ஒன்றை நேராகத் தொடுகிறது. பப்புவா நியூகினியை ஒட்டிய டிரோபிரியாண்ட் தீவுகளில் முதல் உலகப் போர்க் காலத்தில் தங்கியிருந்த மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர், அங்கிருந்த மீனவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அலையில்லாத உள்கடல் காயலில் மீன் பிடிக்கும்போது அவர்கள் மந்திரம் எதையும் நாடவில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த வெளிக்கடலுக்குப் போகும்போது விரிவான சடங்கு செய்தார்கள். தோட்டத்துக்கு மந்திரம் ஓதுகிறவர்களிடம் "அப்படியென்றால் வேலியும் களையெடுப்பும் வேண்டாமா" என்று கேட்டால் சிரிப்பார்கள் என்றும் சொல்கிறார். டீசல் அளவு பார்ப்பதும் சூடம் காட்டுவதும் அவர்களுக்கும் இரண்டு வேலைகள்தான்.

ஆனால் அவருடைய முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. பயத்தைத் தணிக்க மந்திரம் என்று அவர் நிறுத்திவிடுகிறார். நீங்கள் ஜி.பி.எஸ். பெட்டிக்குப் பொட்டு வைத்ததில் பயம் இல்லையே, அண்ணே. அதையும் ஆட்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சிப் ஆலைப் பொறியாளர், தைவான் சிஞ்சூ

நான் திருநெல்வேலிக்காரன். இங்கே வந்த முதல் வாரம் சர்வர் அறைக்குள் போனேன். ஒவ்வொரு ரேக்கின் மேலும் ஒரு பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலம். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எடுக்கப் போனேன். கூட வந்த தைவான் நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பொட்டலத்தின் பெயர் குவாய் குவாய். சமத்து, சொன்னபடி கேட்பது என்று பொருள். மெஷின் சமத்தாக இருக்க வேண்டுமென்று வைப்பது. நிறம் பச்சைதான், அது தேங்காய்ச் சுவை. பச்சை விளக்கு எரிந்தால் மெஷின் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தமல்லவா? மஞ்சளும் சிவப்பும் ஆகாது. யாரும் பிரித்துத் தின்னக்கூடாது. காலாவதித் தேதி தாண்டக்கூடாது, அதற்குள் புதியது மாற்ற வேண்டும். ஏ.டி.எம்.களிலும் ஆஸ்பத்திரிக் கருவிகளிலும்கூட இதைப் பார்த்திருக்கிறேன்.

தேதி பார்த்து மாற்றுவதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. பொட்டலத்தை மாற்றப் போகிறவர் ரேக்கின் எதிரில் நிற்கிறார். விசிறிச் சத்தத்தைக் கேட்கிறார். தூசியைப் பார்க்கிறார். எங்கள் ஊரில் அய்யனார் கோயிலுக்குக் குதிரை எடுத்துவைப்பதை நினைத்துக்கொண்டேன். பழைய குதிரை இடிந்தால் புதிதாக எடுக்க வேண்டும். எடுத்துவைக்கப் போகிறவர்கள்தான் குளக்கரையையும் பார்க்கிறார்கள்.

சிப் செய்கிற தூசியில்லாத அறையான கிளீன் ரூமுக்குள் பொட்டலமும் கிடையாது, சூடமும் கிடையாது. ஆனால் உள்ளே போவதற்கு முன் ஒரு வரிசை உண்டு: தலையுறை, முகமூடி, முழு அங்கி, காலுறை, கையுறை, பிறகு காற்றுக் குளியல். ஒரு படி மாறினால் மறுபடி முதலிலிருந்து. என் ஆச்சி மடி கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போவாள், நடுவில் யாராவது தொட்டுவிட்டால் திரும்பக் குளிப்பாள். அதே வரிசை. இங்கே துகளை எண்ணிக் காட்ட கருவி இருக்கிறது. அந்த வேறுபாடு பெரியதுதான், சிறிதாக்கிச் சொல்லமாட்டேன். ஆனால் உடம்பு கற்றுக்கொள்ளும் விதம் ஒன்று.

லேப் டெக்னீசியன், மதுரை

மடி என்ற சொல்லைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ஒரு தனியார் ஆய்வகத்தில் பன்னிரண்டு வருடமாகப் பயோகெமிஸ்ட்ரி அனலைசர் ஓட்டுகிறேன். காலை ஆறு மணிக்கு, அளவு முன்பே தெரிந்த கண்ட்ரோல் சீரம் போடுவேன். வரைபடத்தில் புள்ளி இரண்டு எஸ்.டி. (திட்ட விலக்கம்) எல்லைக்குள் விழுந்தால்தான் நோயாளிகளின் சாம்பிளை ஏற்றுவேன். புள்ளி வெளியே விழுந்தால் ரீஏஜென்ட் ரசாயனத்தைப் பார்க்கணும், சாம்பிளை உறிஞ்சும் ஊசியான புரோபைப் பார்க்கணும், கேலிபரேஷன் போடணும். அந்த மெஷினின் மூச்சு எனக்குத் தெரியும்.

மூன்று வருடம் முன்னால் ஆயுத பூஜையன்று எனக்கு மாதவிடாய். தெரிந்ததும், "நீங்க அந்தப் பக்கம் நில்லுங்கம்மா" என்றார்கள். ரத்தத்தைச் சோதிக்கிற மெஷின். அதைத் தினமும் கழுவுகிற கை என்னுடையது. அந்த ஒரு நாள் மட்டும் நான் தீட்டு. கணக்கு எழுதுகிறவர் வந்து பொட்டு வைத்தார். எங்கே வைக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியாது. குங்குமம் ரீஏஜென்ட் தட்டின் ஓரத்தில் உதிர்ந்தது. மறுநாள் காலை அதைத் துடைத்து, லைனை ஃப்ளஷ் செய்து, கண்ட்ரோலை இரண்டு முறை போட்ட பிறகுதான் புள்ளி உள்ளே வந்தது.

மாணவி, நீங்கள் "யாரைத் தள்ளி நிற்கச் சொல்கிறது" என்று கேட்டீர்கள். அதை ஓரத்தில் விட்டுவிடாதீர்கள்.

ஆய்வு மாணவி, கோவை

விடமாட்டேன், அக்கா. எங்கள் பட்டறையிலும் மெஷினுக்குப் பொட்டு வைத்தது அப்பாதான். அம்மா பொரியும் சுண்டலும் செய்து அனுப்புவார். சுருளை வழித்து வழித்து உள்ளங்கை கிழிந்தவர் எங்கள் ஹெல்பர் அண்ணன். தட்டு அவர் கைக்குக் கடைசியில் வரும். என் முதல் வருடக் குறிப்பேட்டில் இது ஒரு வரிகூட இல்லை. நான் துடைப்பதை மட்டும் எழுதினேன், தட்டு போன வரிசையை எழுதவில்லை. உங்கள் பதிவைப் படித்த பிறகு பழைய குறிப்புகளைத் திரும்ப எடுத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், தஞ்சாவூர்

பசுமைப் புரட்சியின் ஐ.ஆர்.8 நெல் விதையைத் தலையில் சுமந்து கிராமம் கிராமமாகப் போன தலைமுறை நான். மகளோடு பாலித் தீவுக்குப் போயிருந்தேன். ஜத்திலுவி என்ற ஊரில் படிக்கட்டு வயல்களைக் காட்டினார்கள். அங்கே பாசனக் குழுவுக்குச் சுபக் என்று பெயர். ஒவ்வொரு மடைக்கும் ஒரு கோயில். பல மடைகள் சேரும் இடத்தில் பெரிய கோயில், எல்லாவற்றுக்கும் மேலே எரிமலை ஏரிக்கரையில் தலைக்கோயில். எந்த ஊர் எப்போது நாற்று விட வேண்டும், தண்ணீர் யாருக்கு முதலில் என்பதெல்லாம் கோயில் நாள்காட்டிப்படி, விவசாயிகள் அங்கே கூடி முடிவு செய்வது.

1970களில் பசுமைப் புரட்சி அங்கேயும் போனது. கோயில் நாளைப் பார்க்காதே, குறுகிய காலப் பயிரை இடைவெளியின்றிப் போடு என்றார்கள். ஆளுக்கொரு நேரத்தில் நட்டார்கள். தண்ணீர்த் தகராறு வந்தது. பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி வந்தது. அதைப் பற்றி அங்கே கேட்டபோது என் வயிறு கலங்கியது. வட்டம் வட்டமாகப் பயிர் புகைந்துபோன வயலின் வரப்பில் நின்று, மருந்தை மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தவன் நான்.

ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளரும் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரும் இரண்டு ஆற்றுப் படுகைகளின் 172 சுபக்குகளைக் கணினியில் மாதிரியாக்கிப் பார்த்தார்கள். ஊரெல்லாம் ஒரே நேரத்தில் நட்டு ஒரே நேரத்தில் அறுத்தால் பூச்சிக்கு இருக்க இடமில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் போதாது. தனித்தனியே நட்டால் தண்ணீர் போதும், பூச்சி பெருகும். இரண்டுக்கும் நடுவே விளைச்சல் அதிகமாக நிற்கிற புள்ளி, ஏறக்குறைய கோயில்கள் வகுத்திருந்த வட்டத்திலேயே வந்து நின்றது. மேல்மடைக்காரன் கீழ்மடைக்குத் தண்ணீர் விடுவதில் அவனுக்கும் லாபம் இருக்கிறது, கீழே இருப்பவன் தன்னோடு சேர்ந்து நட்டால் பூச்சி மேலே ஏறாது. 2012ல் யுனெஸ்கோ அந்த வயல்களையும் கோயில்களையும் சேர்த்தே உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

மேட்டூர் திறக்கும்போது மதகில் பூவும் நெல்லும் தூவுவதை எத்தனையோ முறை கரையில் நின்று பார்த்திருக்கிறேன். அது விழா என்று மட்டுமே நினைத்திருந்தேன். நம் மடைகளில் யார் பொங்கல் வைத்தார்கள், வைத்த அன்று என்ன பேசி முடித்தார்கள் என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. கேட்கும் உத்தியோகத்தில்தான் முப்பது வருடம் இருந்தேன். இப்போது எங்கள் ஊர்ப் பக்கத்தில் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி ஒருவரிடம் போய் உட்கார ஆரம்பித்திருக்கிறேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. மாணவிக்கு வேண்டுமானால் குறிப்புகளை அனுப்புகிறேன், அம்மா.

லேப் டெக்னீசியன், மதுரை

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு இதைச் சொல்லத் தோன்றியது. போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள், என்னோடு வேலை செய்யும் இரண்டு பெண்களையும் வைத்துக்கொண்டு மெஷினை முழுக்கத் திறந்து கழுவினோம். புரோபின் நுனியில் மெல்லிய வளைவு இருந்தது, மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு, யாரும் வருவதற்கு முன்னால் கண்ட்ரோல் போட்டேன். புள்ளி நடுக்கோட்டை ஒட்டி விழுந்தது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, மூடியின் வெளிப்பக்கம், காற்று போகும் வழிக்குத் தள்ளி, நானே வைத்தேன். உதிராத இடம் எனக்குத்தான் தெரியும். அன்றைக்கு எனக்கு இரண்டாம் நாள். பிறகு முதல் சாம்பிளை ஏற்றினேன்.