"அப்போ ரோடு வேண்டாமா?" என்று கேட்டால் என்ன எழுதுவது?

கீழத்தெரு:

எங்கள் ஊரிலிருந்து டவுனுக்குப் போகும் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். கிழக்குப் பக்கம் வரிசையாக நிற்கும் 31 புளியமரங்களுக்கு நம்பர் போட்டாகிவிட்டது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாசிக்க நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். புவி வெப்பமடைவதில் தொடங்கி, மரங்களின் பெருமை, நம் முன்னோர் மரம் வளர்த்த கதை என்று போய், கடைசியில் "மரத்தை வெட்டுகிறவர்கள் மனசாட்சி இல்லாதவர்கள்" என்று முடித்திருந்தேன். பள்ளியில் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவன் நான், அதே முன்னுரை, பொருளுரை, முடிவுரைதான்.

இரண்டாம் பக்கம் வாசிக்கும்போதே ஒரு பெரியவர் எழுந்து, "அப்போ ரோடு வேண்டாமா தம்பி? போன மாசம் என் மருமகளைப் பிரசவத்துக்குக் கூட்டிப் போன ஆட்டோ, பஸ்ஸுக்கு ஒதுங்கி வாய்க்காலில் இறங்கியது தெரியுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்கு மேல் யாரும் நான் வாசித்ததைக் கேட்கவில்லை, தீர்மானமும் வரவில்லை. அக்டோபர் 2 கிராம சபைக்கு மறுபடி எழுத வேண்டும். நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லையே, பின் ஏன் எடுபடவில்லை? எப்படி எழுதினால் கேட்பார்கள்?

தமிழாசிரியை:

தம்பி, அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி உங்கள் முதல் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். நன்னூல் பாயிரத்தில் எழுவகை மதம் என்று ஒரு சூத்திரம் வரும், மதம் என்றால் இங்கே கொள்கை. நூல் எழுதுகிறவன் பிறர் கொள்கைகளுக்கு முன்னால் எப்படியெல்லாம் நிற்கலாம் என்பதைச் சொல்வது அது. வகுப்பில் மனப்பாடம் செய்யவைத்து விட்டுவிடுகிறோம், உண்மையில் இன்றைக்கு ஒரு மனு எழுதுவதற்கும் அது உதவும். முதலில் வருவது உடன்படல், அதற்கு அடுத்துத்தான் மறுத்தல். மூன்றாவதாக வருவதுதான் உங்களுக்கு வேண்டியது, "பிறர்தம் மதமேற்கொண்டு களைவு". எதிர்த்தரப்பின் கருத்தை முதலில் நீங்களே ஏற்றுக்கொண்டு, பிறகு அதில் ஒவ்வாததைக் களைவது.

இங்கே அது எப்படி வரும் என்றால், "சாலை குறுகல், ஆட்டோ வாய்க்காலில் இறங்கியது உண்மை, அகலப்படுத்தியே ஆக வேண்டும்" என்று நீங்களே முதலில் எழுதிவிட வேண்டும். அரைமனதாக இல்லை, அந்தப் பெரியவர் கேட்டால் "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று தலையாட்டும் அளவுக்கு. அதன் பிறகு, அகலப்படுத்த இந்த 31 மரங்களைத்தான் வெட்ட வேண்டுமா என்ற ஒரே இடத்தில் மட்டும் மறுக்க வேண்டும். உங்கள் பழைய கட்டுரை சாலைக்கு எதிரான கட்டுரை போல ஆகிவிட்டது. நீங்கள் சாலைக்கு எதிரி இல்லைதானே?

அடுத்த சூத்திரத்தில் பத்துக் குற்றம் இருக்கிறது. அதில் இரண்டு உங்கள் கட்டுரையில் தெரிகிறது. புவி வெப்பமடைவதில் தொடங்கியது மற்றொன்று விரித்தல், அதாவது சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போவது. மனசாட்சி வரியில் முடித்தது சென்றுதேய்ந்து இறுதல், அதாவது பெரிதாகத் தொடங்கிப் போகப்போக வலுவிழந்து முடிவது. முடிவில் கோரிக்கை நிற்க வேண்டிய இடத்தில் வசவு நிற்கிறது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் சாலை வேண்டும் என்பவர்கள், அவர்களையும் சேர்த்துத்தான் அந்த வரி திட்டுகிறது.

கறுப்புக்கோட்டு:

டீச்சர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வரிசையில் எனக்குச் சின்ன மாறுபாடு உண்டு. கிராம சபையில் வாசிப்பதற்கு அது சரி. அதையே கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுப்பதாக இருந்தால், அங்கே மனுவை வாங்குகிறவர் எவ்வளவு நேரம் பார்ப்பார் என்று யோசியுங்கள். பெரும்பாலும் பொருள் என்று போட்டிருக்கும் வரியோடு சரி. அதனால் கோரிக்கை அந்த வரியிலேயே முழுதாக இருக்க வேண்டும். "பொருள்: மரம் வெட்டுவது தொடர்பாக" என்று எழுதுவதில் பயனே இல்லை, வெட்டச் சொல்கிறீர்களா வேண்டாம் என்கிறீர்களா என்றே அதில் தெரியாது.

எதிர்த்தரப்பை நியாயமாகச் சொல்ல வேண்டும், ஆனால் இரண்டு மூன்று வரியில். அவர்கள் வாதத்தை அவர்களைவிட நீளமாக எழுதித் தந்துவிட்டுத் தன் வாதத்துக்கு இடமில்லாமல் நிற்கும் மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம், ஒரு பத்திக்கு ஒரே காரணம். பலமான காரணம் இரண்டு இருந்தால் போதும். ஏழு காரணம் அடுக்கினால் எதிர்த்தரப்பு அதில் சொத்தையான ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதற்கு மட்டும் பதில் சொல்லும், மற்ற ஆறும் அதோடு அடிபட்டுப் போகும்.

வைகைக்கரை:

இந்த இழையைப் படிக்கும்போது எனக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதைதான் ஓடியது. "தேரா மன்னா" என்று கோபத்தோடுதான் கண்ணகி தொடங்குகிறாள், அதனால் ஆவேசமே வென்றது என்று நினைக்கத் தோன்றும். நிதானமாகப் படித்தால் வென்றது வேறு. கள்வனைக் கொல்வது கடுங்கோல் அன்று, அதுதான் அரச நீதி என்கிறான் பாண்டியன். அவள் அந்த நீதியோடு மோதவே இல்லை. கள்வனைக் கொல்லலாமா கூடாதா என்று விவாதித்திருந்தால் அந்த அவையில் தோற்றிருப்பாள். "என் காற்பொற் சிலம்பு மணியுடை அரியே", அதாவது என் சிலம்புக்குள் இருக்கும் பரல் மாணிக்கம் என்று, சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரே ஒரு செய்தியைச் சொல்கிறாள். நல்ல வார்த்தை சொன்னாய், எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனே தன் வாயால் சொல்லிவிடுகிறான். சிலம்பை வரவழைத்து அவள் முன் வைக்கச் செய்வதும் அவனேதான். அவள் அதை உடைப்பது அதற்குப் பிறகுதான். அளவுகோலை எதிராளி ஒப்புக்கொண்ட பிறகு வரும் சான்றை அவனால் மறுக்க முடியாது.

உங்கள் வழக்கில் சிலம்பு எது? சாலைக்கு எத்தனை மீட்டர் வேண்டும் என்பதுதான். அதை நீங்கள் சொல்லாதீர்கள், துறையைச் சொல்ல வையுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்து, சாலையின் வரைபடத்தையும் அகலத்தையும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம், இன்றைக்கே போட்டால் அக்டோபர் 2-க்கு முன் கைக்கு வந்துவிடும்.

கீழத்தெரு:

விண்ணப்பம் போட்டுவிட்டேன். நேற்று நானும் நண்பனும் டேப் வைத்து அளந்தோம். மேற்குப் பக்கம் சாலைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் 4 மீட்டருக்கு மேல் புறம்போக்கு சும்மா கிடக்கிறது, இத்தனை நாள் அதைப் பார்க்கவே இல்லை. நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமாகிவிட்டது. தொடக்கம் இப்போது இப்படி:

"பொருள்: சாலையை மேற்குப் பக்கமாக அகலப்படுத்தி, கிழக்குப் பக்கம் உள்ள 31 புளியமரங்களை விட்டுவைக்கக் கோருதல்.

நம் ஊர்ச் சாலையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று வாய்க்கால் ஓரம் இறங்கித்தான் ஆக வேண்டும். போன மாதம் பிரசவத்துக்குப் போன ஆட்டோ அப்படித்தான் இறங்கியது. இந்தச் சாலை அகலமாக வேண்டும், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்தப் பக்கமாக என்பது மட்டுமே இந்த மனுவின் கேள்வி."

மனசாட்சி வரியை எடுத்துவிட்டேன் டீச்சர். நாளை சாயங்காலம் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் இதை அவருக்கே முதலில் வாசித்துக் காட்டப் போகிறேன். எங்கே குறுக்கே பேசுகிறாரோ அங்கே குறித்துக்கொண்டு வந்து திருத்துகிறேன்.

கறுப்புக்கோட்டு:

நல்லது தம்பி. ஒன்று மட்டும், அளவைச் சாலை விளிம்பிலிருந்து எடுத்திருந்தால் நடுக்கோட்டிலிருந்து இன்னொரு முறை எடுத்துவிடுங்கள். வரைபடத்தில் பெரும்பாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள், இரண்டும் பொருந்தாவிட்டால் முதல் கேள்வியே அதில்தான் வரும்.