புதுப்பிப்பு: கியர் பெட்டியில் தண்ணீர் புகுந்த காரணம் தெரிந்தது

எங்கள் படகின் பின்புறம் வெளியே மாட்டியிருக்கும் பழைய அவுட்போர்டு இன்ஜினின் கியர் ஆயில் பால்போல் வெளுத்து வடிந்ததை முன்பு எழுதியிருந்தேன். புரொப்பல்லரைக் கழற்றியதும் காரணம் தெரிந்துவிட்டது. தண்டில் நைலான் வலை நூல் இறுகச் சுற்றி, தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீலின் விளிம்பை அறுத்திருந்தது. பாம்பன், மண்டபம் பக்கம் வலைகளுக்கு நடுவே ஓட்டுபவர்கள் அந்த இடத்தை அடிக்கடி கழற்றிப் பார்த்தே ஆகவேண்டும்.

சீலையும், கியர் பெட்டியின் மேல், கீழ் ஆயில் துளைகளை அடைக்கும் இரு திருகுகளின் வாஷர்களையும் மாற்றினோம். ஆயிலை மேலிருந்து ஊற்றவே கூடாது, காற்று சிக்கிக்கொள்ளும். கீழ்த்துளை வழியே ஏற்றி, மேல்துளையில் குமிழியின்றி வழிந்ததும் முதலில் மேல் திருகு, பிறகே கீழ்த் திருகு.

கடலுக்குப் போய்வந்து, இரவு முழுவதும் இன்ஜினை நிமிர்த்தி வைத்தபின் கீழ்த் திருகைத் தளர்த்தினேன். தண்ணீர் அடியில்தான் தங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை.